ட்ராலி உருளும் முன்: நோயாளியை ஏற்றி, கொண்டுபோய், இறக்குவதற்கான முழு வழிகாட்டி

"இந்த கேஸை சி.டி.க்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதும், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் முதலில் பிடிப்பது ட்ராலியின் கைப்பிடியை. பிடிக்க வேண்டியவற்றில் கடைசி அதுதான். கேஷுவால்டியிலும் ரிக்கவரியிலும் (ஆபரேஷன் முடிந்தவர்கள் மயக்கம் தெளியும்வரை இருக்கும் அறை) மாறி மாறி வேலை பார்த்ததில், பாதி வழியில் ஆக்ஸிஜன் தீர்ந்தது, வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) பிடுங்கிக்கொண்டு வந்தது, சி.டி. வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது என்று எல்லாமே பார்த்திருக்கிறேன். நடுவழியில் தெரியவந்தாலும், இவை எல்லாம் கிளம்பும் முன்பே நடந்துமுடிந்த தவறுகள்.

ஸ்டாஃப் நர்ஸ்கள், நர்ஸிங் மாணவிகள், ட்ராலி தள்ளும் பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவமனையில் எழுத்துபூர்வமான நடைமுறை இருந்தால் அதுதான் முதலில். நோயாளியை நகர்த்தலாமா என்பதை முடிவு செய்பவர் டாக்டர். அவர் சரி என்ற பிறகு நாம் செய்ய வேண்டியவைதான் கீழே இருப்பவை. வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த ட்ராலி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வரிசையில் முன்னால் நிற்கும் ட்ராலியை இழுத்துக்கொண்டு வருவது எல்லோருக்கும் பழக்கம். எல்லா ட்ராலியும் ஒன்றல்ல. தட்டையான பலகை மட்டும் உள்ள சாதாரண ஸ்ட்ரெச்சர் ட்ராலியில் தலைப்பக்கத்தை உயர்த்த முடியாது. மூச்சுத்திணறலோடு உட்கார்ந்தபடி வந்த ஒருவரை அதில் படுக்கவைத்தால், சி.டி.க்குப் போய்ச் சேரும் முன்பே அவர் நீலம் பாய்ந்துவிடுவார்.

மூச்சுத்திணறல், தலைக்காயம், வாந்தி இருந்தால் தலைப்பக்கம் உயரும் ட்ராலி வேண்டும். மயக்கம் தெளியாமல் தியேட்டரிலிருந்து வருபவருக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தவும் சட்டென்று தாழ்த்தவும் முடிகிற ட்ராலி, இரு பக்கமும் கம்பித் தடுப்பு, சிலிண்டர் வைக்கும் தொட்டில் மூன்றும் இருந்தே ஆக வேண்டும். உடல் பருமனான நோயாளி என்றால் ட்ராலியின் தகட்டில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். தகடு உரிந்துபோயிருந்தால் அந்த ட்ராலியை நம்பாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. தனிக் கதை. இரும்பு ட்ராலியும் சாதாரண ஆக்ஸிஜன் சிலிண்டரும் அந்த அறையின் வாசலைத் தாண்டவே கூடாது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளிக்காக சிலிண்டரை உள்ளே எடுத்துச்சென்ற உறவினர் ஒருவர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு இறந்துபோனார். வாசலிலேயே நிறுத்தி, அங்கே உள்ள காந்தம் ஒட்டாத ட்ராலிக்கு நோயாளியை மாற்றுங்கள்.

2. வெறும் ட்ராலியை ஓட்டிப் பாருங்கள்

அரை நிமிட வேலை. பிரேக்கைப் போட்டுவிட்டு இடுப்பால் ஒரு தள்ளு தள்ளுங்கள். ட்ராலி நகர்ந்தால் அது வேண்டாம். பிரேக்கை எடுத்துவிட்டு நாலடி ஓட்டுங்கள். ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று ஆடினாலோ, குனிந்து அச்சைப் பாருங்கள். பெரும்பாலும் காஸ் துணியின் நூலும் தலைமுடியும் சுற்றிக்கொண்டிருக்கும்.

சில ட்ராலிகளில் பெடலுக்கு மூன்று நிலைகள் உண்டு. ஒரு பக்கம் மிதித்தால் பிரேக், மறுபக்கம் மிதித்தால் நேராக ஓடும் நிலை, நடுவில் விட்டால் நாலு சக்கரமும் எந்தத் திசையிலும் திரும்பும் நிலை. புதியவர்கள் நடுநிலையை பிரேக் என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய ட்ராலிகளில் சக்கரத்துக்குச் சக்கரம் தனி பிரேக். அவற்றில் ஒன்றை மட்டும் போட்டால் ட்ராலி அந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சுழலும். மூலைவிட்டமாக எதிரெதிர் சக்கரங்கள் இரண்டிலாவது போடுங்கள்.

பக்கத் தடுப்புகளை ஏற்றிப் பூட்டி, உங்கள் உடல் எடையைச் சாய்த்துப் பாருங்கள். "டக்" என்ற சத்தம் கேட்டாலே பூட்டிவிட்டது என்று அர்த்தமில்லை.

3. ஆக்ஸிஜன் கணக்கைப் போடுங்கள்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. "சிலிண்டர் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்று பதில் வரும். "எத்தனை நிமிஷத்துக்கு இருக்கு?" என்றால் அமைதி.

கணக்கு எளிது. சிலிண்டரின் கழுத்தில் அதன் தண்ணீர்க் கொள்ளளவு லிட்டரில் பொறித்திருக்கும். அதை கேஜில் (அழுத்தம் காட்டும் முள்) 'பார்' அளவில் தெரியும் அழுத்தத்தால் பெருக்குங்கள். வருவது மீதமுள்ள ஆக்ஸிஜன், லிட்டரில். அதை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொடுக்கிறோமோ அதால் வகுத்தால் நிமிடங்கள் கிடைக்கும்.

நாம் அதிகம் பயன்படுத்தும் பி டைப் சிலிண்டர் 10 லிட்டர் கொள்ளளவு கொண்டது. முழுதாக நிரம்பி 150 காட்டினால் ஏறக்குறைய 1500 லிட்டர். கேஜ் 60 காட்டினால் 600 லிட்டர்தான். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் அது 40 நிமிடத்தில் காலி. அதே 60 முள், 5 லிட்டர் சிறிய சிலிண்டரில் இருந்தால் 20 நிமிடம். முள் ஒரே இடத்தில் நிற்கிறது, நேரம் பாதியாகிவிட்டது. முள்ளை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கேஜில் பி.எஸ்.ஐ. அளவும் எழுதியிருந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் 2000 என்பது இங்கே ஏறக்குறைய 140.

போக, வர, அங்கே காத்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதைப்போல் இரண்டு மடங்கு கையில் இருக்க வேண்டும் என்பது என் விதி. லிஃப்ட் நின்றுபோகும், சி.டி.யில் நமக்கு முன்னால் ஒரு விபத்து கேஸ் நுழைந்துவிடும். 20 நிமிட வேலைக்கு 40 நிமிட ஆக்ஸிஜன் இல்லையென்றால் சிலிண்டரை மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கேஜைப் பார்க்கும்போது வால்வைத் திறந்து பாருங்கள். மூடிய சிலிண்டரின் ரெகுலேட்டரில் முன்பு அடைபட்ட அழுத்தமே முள்ளைத் தூக்கி நிறுத்திவிடும். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். கையில் எண்ணெயோ கிரீமோ இருக்கக் கூடாது, ஸ்பிரிட் தடவிய கை காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

அடுத்தது சிலிண்டரை எங்கே வைப்பது. நோயாளியின் இரண்டு கால்களுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுபோவதை நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். மேட்டில் ஏறி இறங்கும்போது அது உருண்டு முழங்காலில் இடிக்கும். கீழே விழுந்து வால்வு உடைந்தால் சிலிண்டர் ஏவுகணைபோல் பாயும். ட்ராலியின் அடியில் உள்ள தொட்டிலில் வைத்து வாரால் கட்டுங்கள். தொட்டில் இல்லையென்றால் தனி சிலிண்டர் வண்டியை இன்னொருவர் தள்ளிக்கொண்டு வரட்டும்.

சிலிண்டர் படுத்திருந்தால் இன்னொரு சிக்கலும் வரும். உருண்டை மிதக்கும் ஃப்ளோமீட்டர் செங்குத்தாக இருந்தால்தான் சரியாகக் காட்டும், சாய்ந்தால் அளவு பொய். ஹியூமிடிஃபையர் பாட்டிலும் சாய்ந்து தண்ணீர் குழாய்க்குள் இறங்கும். குறைந்த நேரப் பயணத்துக்கு ஈரப்பதம் தேவையில்லை, அந்த பாட்டிலைக் கழற்றிவிடலாம். திருகினால் எண் மாறும் ரெகுலேட்டர் இருந்தால் படுக்கவைத்தாலும் பிரச்சினை இல்லை.

சிலிண்டர் சாவியை ஒரு நாடாவில் கோர்த்து ட்ராலியிலேயே கட்டிவையுங்கள். பாக்கெட்டில் போட்ட சாவி டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும்.

4. கூட எடுத்துப்போக வேண்டியவை

அம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை), நோயாளியின் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்கோடு. தலையணைக்கு அடியில் வையுங்கள், கால் பக்கம் வேண்டாம். கையில் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கிட்னி ட்ரே, கையுறை, வாந்தி எடுக்க வாய்ப்புள்ளவருக்கு, வாயில் இருப்பதை உறிஞ்சி எடுக்கும் பேட்டரி சக்‌ஷன். மானிட்டரும் இன்ஃப்யூஷன் பம்பும் கூட வந்தால், இரண்டையும் கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். சார்ஜ் விளக்கு பச்சையாக எரிவதை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

கேஸ் ஷீட், எக்ஸ்ரே, கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவம் ஆகியவற்றை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். நோயாளியின் வயிற்றின் மேல் வைக்கும் பழக்கத்தை விடுங்கள்; அது மேஜை அல்ல, அவர் மூச்சுவிடுவதே அதனால்தான்.

5. போகும் இடத்துக்கு முதலில் போன் போடுங்கள்

சி.டி., தியேட்டர், ஐ.சி.யூ., எங்கே போனாலும் "இப்போ கிளம்பலாமா?" என்று கேளுங்கள். "கிளம்பிட்டோம்" என்று தகவல் சொல்வது வேறு. அங்கே கட்டில் காலியா, வென்டிலேட்டர் தயாரா, ஆக்ஸிஜன் பாயின்ட் வேலை செய்கிறதா என்று தெரிந்த பிறகே அடுத்த படி. லிஃப்டை ஒருவர் முன்னால் போய்ப் பிடித்து வைக்கட்டும்.

பெயரையும் ஐ.பி. எண்ணையும் கைப்பட்டையில் பார்த்து கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். "நீங்கதானே முருகன்?" என்று கேட்டால் அரைமயக்கத்தில் இருப்பவர் எல்லாப் பெயருக்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னங்கய்யா?" என்று கேளுங்கள்.

6. குழாய்களை எண்ணுங்கள்

நோயாளியின் உடலில் எத்தனை குழாய் என்று வாய்விட்டு எண்ணுவதை நான் எல்லா மாணவிகளுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறேன். "ட்ரிப்ஸ் ஒண்ணு, ஆக்ஸிஜன் ரெண்டு, ரைல்ஸ் டியூப் மூணு, யூரின் நாலு, ஐ.சி.டி. அஞ்சு." (ரைல்ஸ் டியூப் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போவது, ஐ.சி.டி. நெஞ்சுக்குழாய்.) ஒவ்வொன்றையும் உடலில் நுழையும் இடத்தில் தொட்டு, மறுமுனை வரை விரலை ஓட்டுங்கள். போர்வைக்கு அடியில் ஒன்று கட்டில் கம்பியில் கட்டியிருக்கும், அது இப்படித்தான் கண்ணில் படும்.

எண்ணிய பிறகு, எல்லாக் குழாய்களையும் நோயாளி எந்தப் பக்கம் போகப்போகிறாரோ அந்தப் பக்கத்துக்கு மாற்றுங்கள். இழுக்கும்போது குழாய் அவரோடு போக வேண்டும், அவரை எதிர்த்து நிற்கக் கூடாது.

யூரின் பையைக் காலி செய்து அளவைக் குறித்துவிட்டு, ட்ராலியின் கீழ்ச் சட்டத்தில் மாட்டுங்கள். மூத்திரப்பையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் தரையில் இழுபடக் கூடாது. பக்கத் தடுப்பில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். தடுப்பை இறக்கும் ஒவ்வொரு முறையும் அதில் கட்டியது எல்லாம் சேர்ந்து இறங்கும், குழாயும் கூடவே இழுபடும்.

நெஞ்சுக்குழாய் பாட்டில் மார்பை விடத் தாழ்வாக, நேராக நிற்க வேண்டும். நகர்த்தும்போது கிளாம்ப் போட்டு மூடிவிட வேண்டும் என்று சிலர் இன்னும் நினைக்கிறார்கள். டாக்டர் தெளிவாகச் சொல்லாமல் போடாதீர்கள். நுரையீரலிலிருந்து கசியும் காற்றுக்கு வெளியேற வேறு வழி இல்லை. அடைத்தால் உள்ளேயே சேர்ந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். பாட்டில் சாய்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தால், அதைப் பிடித்துக்கொள்ளவே ஒருவரை நிறுத்துங்கள்.

7. கட்டிலிலிருந்து ட்ராலிக்கு

ட்ராலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, இரண்டுக்கும் பிரேக் போடுங்கள். கட்டிலுக்கும்தான். ட்ராலிக்கு மட்டும் போட்டுவிட்டு, நோயாளி நடுவே இருக்கும்போது கட்டில் விலகி இடைவெளி திறந்த காட்சியை ஒருமுறை பார்த்தால் மறக்காது.

உயரத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஒரே மட்டம், அல்லது ட்ராலி ஒரு விரற்கடை தாழ்வு. மேட்டில் ஏற்றினால் உங்கள் இடுப்பு போகும். நடுவில் ட்ரான்ஸ்ஃபர் போர்டை, பாதி கட்டிலிலும் பாதி ட்ராலியிலும் படும்படி, விரிப்புக்கு அடியில் செருகுங்கள்.

நினைவில்லாத பெரியவருக்குக் குறைந்தது நாலு பேர்: தலைக்கு ஒருவர், ட்ராலிப் பக்கம் இருவர், கட்டில் பக்கம் ஒருவர். பாதத்துக்கு ஐந்தாமவர் கிடைத்தால் நல்லது. விரிப்பின் ஓரத்தை நோயாளியின் உடம்பை ஒட்டும்வரை சுருட்டிப் பிடியுங்கள். தளர்வாகப் பிடித்தால் இழுக்கும்போது துணி நீளும், ஆள் நகரமாட்டார்.

எண்ணிக்கை யார் சொல்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தலைப்பக்கம் நிற்பவர் சொல்வார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பதில் மூணோடு இழுப்பதா, மூணு முடிந்த பிறகு இழுப்பதா? சிரிப்பாக இருக்கும், ஆனால் இதில்தான் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு நோயாளி கோணலாகப் போகிறார். நாங்கள் "ஒண்ணு, ரெண்டு, மூணு, இழு" என்று வைத்திருக்கிறோம், "இழு" என்றால்தான் கை அசையும்.

நினைவோடு இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "ஐயா, கையை நெஞ்சு மேல கட்டிக்கோங்க, நாங்க தூக்கும்போது எதையும் பிடிக்காதீங்க." விழப்போகிறோம் என்ற பயத்தில் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டால் தோள்பட்டை இழுபடும்.

ஏறியதும் முதல் வேலை தடுப்புகளை ஏற்றிப் பூட்டுவது, அதன் பிறகுதான் போர்வை, தலையணை எல்லாம். பிறகு மீண்டும் குழாய்களை எண்ணுங்கள். முன்பு அஞ்சு என்றால் இப்போதும் அஞ்சு.

8. கழுத்திலோ முதுகுத்தண்டிலோ அடிபட்டிருக்கலாம் என்றால்

விபத்தில் வந்த, உயரத்திலிருந்து விழுந்த எல்லோரையும், இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை, தண்டுவடக் காயம் உள்ளவராகவே நடத்துங்கள். 108-லிருந்து ஸ்பைன் போர்டோடு இறக்கினால் போர்டோடு ட்ராலிக்கு மாற்றுங்கள். அவரைத் தனியாகத் தூக்க வேண்டாம்.

இங்கே தலையைப் பிடிப்பவர்தான் தலைவர். இரண்டு கைகளாலும் தலையையும் தோளையும் அணைத்துப் பிடித்து, மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்து, அவர் சொன்னால்தான் மற்றவர்கள் புரட்டுவார்கள். தோளுக்கும் இடுப்புக்கும் இருவர், காலுக்கு ஒருவர், பலகையை எடுக்க அல்லது செருக இன்னொருவர். கழுத்துப்பட்டை போட்டாகிவிட்டது, தலையை விட்டுவிடலாம் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. பட்டை கழுத்தை முழுதாக அசையாமல் நிறுத்தாது.

போர்டு தூக்கிச்செல்ல மட்டுமே, படுக்க அல்ல. டாக்டர் பரிசோதித்ததும் எடுத்துவிடுங்கள். கடினப் பலகையில் கிடந்தால் பின்னிடுப்பும் குதிகாலும் சீக்கிரமே சிவந்து புண்ணாகும்.

9. படுக்கவைக்கும் நிலை

மூச்சுத்திணறல்: உட்கார்ந்த நிலை. நெஞ்சில் நீர் கோத்தவரைப் படம் எடுக்க வசதியாக முன்கூட்டியே மல்லாக்கப் படுக்கவைத்துக் கொண்டுபோவது ஆபத்து. ஸ்கேன் மேஜையில் ஏறும் கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருக்கட்டும்.

தலைக்காயம்: தலைப்பக்கம் 30 டிகிரி உயர்வு, கழுத்து நேராக. தண்டுவட சந்தேகமும் சேர்ந்திருந்தால் இடுப்பில் மடக்கக் கூடாது, ட்ராலியை மொத்தமாகத் தலைப்பக்கம் உயரும்படி சாய்க்க வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்தவரை மட்டமாகப் படுக்கவையுங்கள்.

கர்ப்பிணி, 20 வாரத்துக்கு மேல்: இடப்பக்கம் சாய்த்து, வலது இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை. மல்லாக்கப் படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, தாய்க்கு பிரஷர் இறங்கும். இதைச் செய்யாமல் "அம்மா மயக்கமா இருக்காங்க" என்று பதறி ஓடிவருபவர்களை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

10. இப்போதுதான் தள்ள வேண்டும்

கால் முன்னால், தலை பின்னால். தள்ளுபவர் தலைப்பக்கம் நிற்பதால் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக முடியும். சுவரிலோ கதவிலோ இடித்தாலும் தலை இடிபடாது. "கால் முன்னாடி போகுதே, இது என்ன சகுனம்" என்று சில உறவினர்கள் பதறுவார்கள். கோபப்படாமல், முகம் தெரிய வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கூட வரும் நர்ஸ் தலைப்பக்கமே நடக்க வேண்டும். முன்னால் போய்க் கதவு திறக்கும் வேலையைப் பணியாளரிடம் விடுங்கள். கதவை ட்ராலியால் முட்டித் திறக்காதீர்கள். நோயாளியின் கை, முழங்கை, விரல் எதுவும் தடுப்புக்கு வெளியே இருக்கக் கூடாது. வாசல் நிலையில் நசுங்குவது பெரும்பாலும் முழங்கைதான்.

ரேம்ப்பில் தலை எப்போதும் மேட்டுப்பக்கம். ஏறும்போது தலை முன்னால் போகும், இறங்கும்போது கால் முன்னால் போகும். இறக்கத்தில் இருவர் வேண்டும்: ஒருவர் தலைப்பக்கம் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கால்பக்கம் பக்கவாட்டில் நின்று வேகத்தைக் குறைக்க. நேர் முன்னால் நிற்காதீர்கள், கை நழுவினால் ட்ராலி உங்கள் மேல்தான் வரும்.

லிஃப்டில் தலை முதலில் உள்ளே போகட்டும், வெளியே வரும்போது கால் முதலில் வரும். லிஃப்ட் தரைக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் சக்கரம் விழாமல் இருக்க நேராக, மெதுவாகக் கடக்க வேண்டும். கோணலாக நுழைந்தால் ஒரு சக்கரம் குறுக்காகத் திரும்பி மாட்டும். உள்ளே போனதும் பிரேக்.

ஓடாதீர்கள். ஓடும் ட்ராலியில் பல்ஸும் பார்க்க முடியாது, நெஞ்சு ஏறி இறங்குவதும் தெரியாது. விரைவாக நடந்தால் போதும்.

11. நடுவழியில் நிலைமை மோசமானால்

பேச்சு நின்றது, முகம் வெளுத்தது, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) இறங்கியது என்றால், முதலில் ட்ராலியை நிறுத்திப் பிரேக் போடுங்கள். பிறகு ஆக்ஸிஜன் வருகிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் சக்கரத்துக்கு அடியில் மாட்டிய குழாய்தான் காரணம்.

நாடி இல்லை என்றால் அங்கேயே ஆரம்பியுங்கள். தலைப்பக்கத்தை மட்டமாக்குங்கள், தடுப்பை இறக்குங்கள், ட்ராலியைத் தாழ்த்துங்கள். தாழ்த்த முடியாவிட்டால் ஏறி நிற்க ஒரு படி வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல் அமுக்க வேண்டும். தடித்த மெத்தையில் நாம் அமுக்கும் ஆழத்தில் ஒரு பகுதியை மெத்தை விழுங்கிவிடும், முதுகுக்கு அடியில் பலகை கிடைத்தால் செருகுங்கள். ஷாக் கொடுக்கும் நேரத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை நெஞ்சிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

ஒருவர் போன் செய்யட்டும், ஒருவர் அமுக்கட்டும். தள்ளிக்கொண்டே ஓடி, நடுநடுவே அமுக்குவது இரண்டையும் கெடுக்கும்.

12. தியேட்டர் மேஜையிலிருந்து ரிக்கவரி ட்ராலிக்கு

இங்கே தலைப்பக்கம் மயக்க மருந்து டாக்டர் நிற்பார், அவர் சொல்வதே உத்தரவு. அவர் தயார் என்று சொல்லும் முன் யாரும் விரிப்பைத் தொடக் கூடாது. மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாயை எடுத்த உடனே அசைத்தால் சிலருக்கு குரல்வளை இறுகிக்கொள்ளும்.

கழற்ற வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டே கழற்றுங்கள்: மேஜை வார், கைப்பலகை, பி.பி. கஃப் வயர், இ.சி.ஜி. வயர், காட்டரி பிளேட் (மின்சாரத்தால் சுட்டு ரத்தக்கசிவை நிறுத்தும் கருவிக்காக உடலில் ஒட்டும் தகடு). கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தொடைக்கு அடியில் ஒட்டியிருக்கும் அந்த பிளேட்டோடு இழுத்தால் தோலும் உரியும், வயரும் அறும்.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் முடிந்தவர் பேசிக்கொண்டே வருவார், அதனால் எளிதான கேஸ் என்று நினைப்போம். அவருக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ட்ராலி ஓரத்தில் தொங்கினாலும், தடுப்புக்குள் மடங்கினாலும் வலி தெரியாது, நாம்தான் பார்த்து வைக்க வேண்டும். இவர்களைச் சட்டென்று தூக்கி உட்காரவைக்கவும் கூடாது, பிரஷர் கீழே போய்விடும். மெதுவாக மாற்றி, மாற்றியதும் ஒரு பி.பி. பாருங்கள்.

தியேட்டரிலிருந்து ரிக்கவரி பத்தடிதானே என்று ஆக்ஸிஜன் இல்லாமல் வருபவர்கள் உண்டு. மயக்க மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும்போது சாச்சுரேஷன் விழ அந்தப் பத்தடி போதும்.

13. ரிக்கவரியில் ட்ராலி மேலேயே இருக்கும் நேரம்

ட்ராலியைத் தலைப்பக்கம் சுவரோடு முட்டி நிறுத்தாதீர்கள். அம்பு பேக்கோடு ஒருவர் நின்று வேலை செய்யும் இடம் அங்கே இருக்க வேண்டும். பிரேக், இரண்டு தடுப்பு, உயரம் கடைசிவரை கீழே. மயக்கம் தெளியும்போது சிலர் முரட்டுத்தனமாகக் கை கால் உதறி, தடுப்பைத் தாண்டி ஏறப்பார்ப்பார்கள். உயரத்தில் இருந்தால் விழுகிற அடி இரட்டிப்பாகும். மெத்தையே குறுகலானது, ஒருமுறை புரண்டாலே விளிம்பு.

இன்னும் முழுதாக விழிக்காதவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால், நாக்கு பின்னால் விழாது, வாந்தி வந்தாலும் வெளியே போகும். சக்‌ஷன் கையெட்டும் தூரத்தில் ஓடும் நிலையில் இருக்கட்டும். முதல் கால் மணி நேரம் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் நாடி, பி.பி., மூச்சு, சாச்சுரேஷன் குறிப்பது எங்கள் வழக்கம்.

வார்டுக்கு அனுப்ப ஆல்ட்ரெட் ஸ்கோர் பாருங்கள். கைகால் அசைவு, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, சாச்சுரேஷன் என்ற ஐந்துக்கும் தலா 2, மொத்தம் 10. 9 அல்லது அதற்கு மேல் இருந்து, மயக்க மருந்து டாக்டரும் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்பலாம். "நல்லா பேசுறாரே சிஸ்டர்" என்பது ஸ்கோர் இல்லை.

வார்டில் கட்டில் கிடைக்காமல் மணிக்கணக்கில் ட்ராலியிலேயே கிடப்பவர்களும் உண்டு. மெலிந்த முதியவர்களுக்கு அந்த மெல்லிய மெத்தையில் பின்னிடுப்பு சீக்கிரம் சிவக்கும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுங்கள், குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் துணி மடித்து வையுங்கள், கட்டிலுக்காகச் சண்டையும் போடுங்கள்.

14. ஒப்படைப்பது

நோயாளியை இறக்கிவிட்டு கேஸ் ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டு வருவது ஒப்படைப்பு ஆகாது. அங்கே பொறுப்பேற்கும் நர்ஸின் முகத்தைப் பார்த்து, பெயர், என்ன பிரச்சினை, என்ன செய்தோம், வழியில் என்ன நடந்தது, இப்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். குழாய்களை இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். சிலிண்டரிலிருந்து சுவர் ஆக்ஸிஜனுக்கு மாற்றி, மாஸ்க்கில் காற்று வருவதைக் கையால் உணர்ந்த பிறகு சிலிண்டரை மூடுங்கள்.

15. திரும்பி வந்த ட்ராலி

அடுத்த நோயாளிக்கான முதல் படி இது. ரத்தம் பட்டிருந்தால் முதலில் துடைத்து எடுத்துவிட்டு, 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் போட்டு 10 நிமிடம் விட்டு, பிறகு தண்ணீரால் துடையுங்கள். தண்ணீரால் துடைக்காமல் விட்டால் கம்பியும் சக்கர அச்சும் துருப்பிடிக்கும். மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், தையலில் கிழிசல் இருந்தால் ரத்தமும் மூத்திரமும் பஞ்சுக்குள் இறங்கியிருக்கும், அதை எந்தக் கரைசலாலும் சுத்தம் செய்ய முடியாது. தடுப்பின் பூட்டு, கைப்பிடி, பிரேக் பெடல் மூன்றும் பலர் துடைக்க மறக்கும் இடங்கள்.

புது விரிப்பு, சிலிண்டரில் எவ்வளவு மீதம் என்று ஒரு பிளாஸ்டரில் எழுதி ஒட்டுவது, அம்பு பேக் தலையணைக்கு அடியில், சாவி நாடாவில். பிரேக் பிடிக்காத, தடுப்பு பூட்டாத ட்ராலியை வரிசையில் மீண்டும் நிறுத்தாதீர்கள். "பழுது" என்று பெரிதாக எழுதி ஒட்டி, குப்புறச் சாய்த்து, ஸ்டோர் பக்கம் தள்ளிவிடுங்கள். எழுதி ஒட்டியது மட்டும் போதாது. இரவு 2 மணிக்கு மூன்று விபத்து கேஸ் ஒன்றாக வந்தால் அந்தக் காகிதத்தை யாரும் படிக்கப்போவதில்லை.